ஸ்டெல்லஃபேன் குன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லி நிறுத்திய தொலைநோக்கிக் கூட்டத்தைப் பற்றியே இந்தக் கடிதம் முழுவதையும் எழுதுகிறேன். அதைக் காண வேண்டியவர் என்னைவிட நீங்கள்தான் என்று அங்கே நின்ற நேரமெல்லாம் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பாஸ்டனிலிருந்து வடமேற்கே இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் காரில் சென்றால், வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்ப்ரிங்ஃபீல்டு என்ற சிற்றூர் வருகிறது. நம் கோயம்புத்தூருக்கு மோட்டார் பம்பு எப்படியோ, அந்த ஊருக்கு ஒரு காலத்தில் லேத் அப்படி. அங்கிருந்த ஜோன்ஸ் அண்ட் லாம்சன் தொழிற்சாலையின் தலைவரும் பின்னாளில் அம்மாநிலத்தின் ஆளுநருமான ஜேம்ஸ் ஹார்ட்னஸுக்கு வானம் பார்ப்பதில் தீராத பித்து. அவரிடம் வேலைக்குச் சேர்ந்த ரஸ்ஸல் போர்ட்டர், வடதுருவப் பகுதிக்குப் பலமுறை சென்று திரும்பியவர், 1920-இல் ஊரில் ஆர்வமுள்ளவர்களைக் கூட்டித் தொலைநோக்கிக்கான குழியாடியைக் கையாலேயே தேய்த்தெடுக்கக் கற்றுக்கொடுத்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் பட்டறையில் வேலை செய்தவர்கள். ஒரே ஒரு பெண்ணும் இருந்தார் என்று அறிந்தபோது, உங்கள் லேத்தின் அருகே நிற்கக்கூடாது என்று பாட்டி என்னை விரட்டிய நாட்கள் நினைவுக்கு வந்தன. நீங்கள் மரையின் நிழலைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துச் சரிபார்க்கிறீர்களே, அந்த ப்ரொஃபைல் ப்ரொஜெக்டரின் முன்னோடியும் ஹார்ட்னஸும் போர்ட்டரும் சேர்ந்து உருவாக்கியதுதான்.

அவர்கள் 1924-இல் குன்றின் மேல் ஒரு சிறு வீட்டைக் கட்டி அதற்கு ஸ்டெல்லஃபேன் என்று பெயரிட்டார்கள். இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய அந்த வீடு இன்றும் நிற்கிறது. மறு ஆண்டு சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இவர்களைப் பற்றிக் கட்டுரை வந்தபின் நாடெங்கும் ஆர்வம் பரவி, 1926-இல் முதல் மாநாடு கூடியது. இப்போதும் கோடையில் அமாவாசையை ஒட்டிய ஒரு வார இறுதியில் கூடுகிறார்கள்.

பகல் முழுவதும் புல்வெளியில் தொலைநோக்கிகள் வரிசையாக நின்றன. அங்கே நடக்கும் தொலைநோக்கிப் போட்டியில் கடையில் வாங்கியவற்றுக்கு இடமில்லை. வாதுமை மரத்தில் இழைத்துப் பித்தளைப் பூண் போட்டது ஒன்று. அதன் பக்கத்திலேயே, கான்கிரீட் தூண் வார்க்கப் பயன்படும் அட்டைக் குழாயில் ஒட்டுப்பலகையை ஆணியடித்துச் செய்தது ஒன்று. இந்த இரண்டாம் வகையைப் பரப்பிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த துறவியாக இருந்தவராம். மடத்தில் இருந்தபோதே கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ரகசியமாகத் தொலைநோக்கி செய்தவர், 1967-இல் மடத்தை விட்டு வெளியேறித் தெருவோரங்களில் மக்களுக்கு வானம் காட்டினார். இதை அம்மாவிடம் சொல்லுங்கள். அழகுக்கு எது பரிசு பெற்றாலும், என் மனம் அந்த அட்டைக் குழாயின் பக்கமே நின்றது.

ஆனால் நான் அதிக நேரம் செலவிட்டது குழியாடி தேய்க்கும் கூடாரத்தில்தான். இரண்டு வட்டக் கண்ணாடிகளுக்கு நடுவே கார்போரண்டம் பொடியும் நீரும் இட்டு, மேலுள்ளதை முன்னும் பின்னுமாகத் தள்ளியபடியே மேசையைச் சுற்றி நடக்கிறார்கள். அப்படித் தேய்க்கத் தேய்க்க மேலே இருப்பது குழிகிறது, கீழே இருப்பது குவிகிறது. பொடியைப் படிப்படியாக நைசாக்கி, கடைசியில் பிசின் பரப்பிய தட்டின் மேல் சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றுகிறார்கள். உங்கள் மொழியில் சொன்னால் எல்லாம் லேப்பிங் வேலைதான், ஆனால் பிழை 0.07 மைக்ரானுக்குள் அடங்க வேண்டும். மைக்ரோமீட்டரில் நீங்கள் பார்க்கும் ஒரு கோட்டை, அதாவது மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கை, நூற்று நாற்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறு! அதை அளக்கும் கருவியோ ஒரு சிறு விளக்கும் ஒரு சவர பிளேடும் மட்டுமே. குழியாடியிலிருந்து திரும்பி வரும் ஒளி குவியும் இடத்தில் பிளேடின் விளிம்பைச் செலுத்தினால், பரப்பிலுள்ள மேடும் பள்ளமும் நிழலாகத் தெரிகின்றன. ஃபூக்கோ என்ற பிரெஞ்சு அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த முறை. கண்ணாடியின் மேல் ஒருவர் பெருவிரலைச் சற்று நேரம் வைத்து எடுத்தார்; அந்தச் சூட்டில் கண்ணாடி விரிந்து, விரல் பட்ட இடம் மேடாக எழுந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

இருட்டியபின் வெள்ளை விளக்குக்கு அங்கே அனுமதி இல்லை. சிவப்பு விளக்கை மட்டும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, யார் செய்த தொலைநோக்கியிலும் வரிசையில் நின்று பார்க்கலாம். ஏறத்தாழ 25,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம்13 என்ற விண்மீன் கொத்தைக் காட்டிய முதியவர், பெயரைச் சொல்வதற்கு முன் குழியாடியின் விட்டத்தையும் அதை எத்தனை குளிர்காலம் தேய்த்தார் என்பதையும் சொன்னார். துருவ நட்சத்திரம் இங்கே வானத்தின் பாதி உயரத்தில் நிற்கிறது. மாறாக, நம் மொட்டை மாடியிலிருந்து நன்றாகத் தெரியும் மூல நட்சத்திரம் தெற்கே மரங்களுக்குள் மறைந்துவிட்டது. கேட்டையை மட்டும் பார்த்தேன்.

நானும் ஆறு அங்குலக் கண்ணாடி வட்டு ஒன்று வாங்கிவிட்டேன். அதற்குக் கண்வில்லை செருகும் குழாய் ஒன்றை அலுமினியத்தில் நீங்கள் கடைந்து தர வேண்டும். கண்வில்லையின் வெளிவிட்டம் 1.25 அங்குலம், அதாவது 31.75 மில்லிமீட்டர். ஆடாமலும் இறுகாமலும் வழுக்கி இறங்க உள்விட்டத்தில் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று எழுதுங்கள். அதைப் பார்த்து வரைபடம் போட்டு அனுப்புகிறேன். பக்கவாட்டில் இறுக்குத் திருகுக்கு ஒரு மரை துளை போதுமா, இரண்டு வேண்டுமா என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

தங்கள் அன்பு மகள்