கல்முனையில் தொடங்குமுன்

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்தது கேட்டுச் சந்தோஷம். இங்கே மாரி தொடங்கிவிட்டது. வாவி நிரம்பி எங்கள் ஒழுங்கை வாசல் வரை தண்ணீர். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அதனால் வீட்டில் சத்தமே இல்லை.

கல்முனைப் பக்கத்துச் சங்கங்களின் பொறுப்பாளர்களை ஒன்றாக இருத்திப் பேச வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். கட்டாயம் செய். ஆனால் நாம் முன்பு பிழை விட்ட இடத்தை மறக்காதே.

சுனாமிக்குப் பிறகு இங்கே கடற்கரையோரம் டச்பாரிலும் நாவலடியிலும் படிவம் நிரப்பித் திரிந்தோமே, நினைவிருக்கிறதா? ஒரே குடும்பத்திடம் ஐந்து நிறுவனங்கள் ஒரே கேள்வியைக் கேட்டன. கடலுக்கே போகாதவருக்குப் படகு கிடைத்தது. வலையெல்லாம் இழந்த ஒரு கிழவருக்கு ஒன்றுமில்லை. கூட்டங்களுக்குக் குறைவா இருந்தது? ஒவ்வொருவரும் தங்கள் கணக்கை வாசித்துவிட்டு எழும்பிப் போனோம். பிறகு நிதி தரும் டோனர் ஒருவரின் காசில் நிறுவனங்களுக்கு ஒரு வலையமைப்பு வந்தது. காசு நின்ற மாதமே அதுவும் நின்றது.

நாங்கள் இப்போது மாதாமாதம் கூடும் கூட்டம் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. 2019 ஏப்ரல் 21இல் இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, தமிழரும் முஸ்லிம்களுமாக வருடக்கணக்காகக் கூட வேலை செய்தவர்களே ஒருவரையொருவர் அழைக்கத் தயங்கினோம். பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் பெண்கள் சங்கம் நடத்தும் ராத்தா ஒருவர்தான் முதலில் எனக்கு எடுத்தார். "புள்ளையள் சுகமா தங்கச்சி?" என்று கேட்டார். வேறொன்றும் பேசவில்லை, இரண்டு பேருமே அழுதோம். அவர் வீட்டு விறாந்தையில் நாலு பேராக இருந்தோம். இன்று பதினேழு பேர், மாதத்தின் முதல் சனிக்கிழமை.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளியை விட்டு இடைவிலகும் பிள்ளைகளோடு வேலை செய்யும் தம்பி ஒருவர், ஒரு பையனை மீண்டும் வகுப்புக்கு அனுப்ப முடியாமல் தோற்றுவிட்டதாகச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. ஆனால் விவரம் கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்தத் தாய் எங்களிடம் சட்ட உதவிக்கு வந்தவர். இன்னொரு நிறுவனம் அவருக்குத் தையல் மெஷின் கொடுத்திருந்தது. வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரருக்குக் கட்ட அந்த மெஷினை விற்றுவிட்டார். பையன் கூலிக்குப் போனதும் அதனால்தான். நான் என் அறிக்கையில் 'வழக்கு முடிந்தது' என்று எழுதியிருந்தேன். அவர்கள் 'வாழ்வாதாரம் வழங்கப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். இரண்டும் பொய்யில்லை, ஆனால் அந்த வீடு மூழ்கிக்கொண்டிருந்தது. அவருடைய சம்மதத்தோடு மூன்று பேரும் அவர் முன்னால் இருந்து, அவருக்கிருந்த நாலு கடனையும் ஒரே தாளில் எழுதினோம். இரண்டு தீர்ந்திருக்கிறது. பையன் பள்ளிக்குப் போகிறான்.

அந்தத் தம்பி தன் தோல்வியைச் சொல்லியிராவிட்டால் இது வெளியில் வந்திராது. ஒரே டோனரிடம் கைநீட்டுகிற நாம் ஒருவர் முன் ஒருவர் தோல்வியைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அதற்குத்தான் காலம் வேண்டும்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 2006இல் தொடங்கிய ஸ்ட்ரைவ் என்ற கூட்டு முயற்சி பற்றிக் கேட்டிருந்தாய். 300க்கு மேற்பட்ட உள்ளூர்த் தலைவர்கள் பிள்ளைகளின் படிப்பை ஒரே அளவுகோலால் அளக்கச் சம்மதித்தது பெரிய காரியம். ஆனால் அங்கே எல்லாரையும் இணைத்து வைக்கவே சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். நமக்கு அது இல்லை. நாங்கள் முறை வைத்து, அந்த மாதக் கூட்டம் யார் இடத்தில் நடக்கிறதோ அவரே குறிப்பெழுதிப் பிளேன்டீயும் கொடுக்கிறோம்.

முதல் வருடம் பதிவு, பதாகை, புரொபோசல் ஒன்றும் வேண்டாம். பதிலாளை அனுப்பவும் விடாதே; முடிவெடுக்கிறவர்தான் வர வேண்டும். கல்முனையில் தமிழருக்குத் தனிப் பிரதேச செயலகம் வேண்டுமா என்று தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் உள்ள பிரச்சினையை எடுத்துக்கொண்டு தொடங்கினால் முதல் நாளே இரண்டாகப் பிரிந்து விடுவீர்கள். குப்பையில் தொடங்கு, அடைபட்ட வடிகானில் தொடங்கு. வெள்ளம் இரண்டு பக்க வீட்டுக்குள்ளும்தான் வருகிறது.

வருகிற முதல் சனிக்கிழமை இங்கே வா. முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கு. ராத்தாவிடம் சொல்லிவிட்டேன், உங்கள் முதல் கூட்டத்துக்கு அவரும் வருகிறார். திருக்கோவிலில் இருந்து எந்த பஸ்ஸில் ஏறுகிறாய் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி
மட்டக்களப்பு