மாத்திரையை இடிப்பதற்கு முன்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வளைகாப்பு நல்லபடியாக முடிந்து, மகள் தலைப்பிரசவத்துக்கு உன் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பதைப் படித்ததும் மனம் நிறைந்தது. இங்கு அனைவரும் நலம். சின்னவனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகியிருக்கிறது. தை பிறந்ததும் குடும்பத்தோடு போகிறான். மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். அண்ணனின் மாத்திரைகளைப் பற்றி நீ போகிற போக்கில் எழுதியிருந்த சில வரிகளுக்காகவே இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பெரிய மாத்திரைகள் அவருக்குத் தொண்டையிலேயே நின்றுவிடுகின்றன என்றும், அதனால் எல்லாவற்றையும் இஞ்சி இடிக்கும் சின்ன உரலில் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறாய் என்றும், எப்படியும் வயிற்றுக்குள் போய்க் கரையப்போவதுதானே என்றும் எழுதியிருந்தாய். விழுங்க முடியவில்லை என்று மாத்திரையையே நிறுத்திவிட்டு, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எகிறிய பிறகு மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்டவர்களை நான் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். நீ அப்படி விட்டுவிடவில்லை. அதற்காக உன்னைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எங்கே கரைய வேண்டும், எவ்வளவு நேரத்தில் கரைய வேண்டும் என்று திட்டமிட்டே பல மாத்திரைகள் செய்யப்படுகின்றன. அந்த ஏற்பாடு முழுவதும் மாத்திரையின் மேற்பூச்சிலும் அதன் உள்ளமைப்பிலும் இருக்கிறது. உரலில் முதலில் உடைவது அதுதான்.

நீ எழுதியனுப்பிய பட்டியலையே எடுத்துக்கொள்வோம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் என்ற பெயருக்குப் பக்கத்தில், மெதுவாக வெளிவிடுவது என்பதைக் குறிக்கும் எஸ்.ஆர். என்ற இரண்டு எழுத்துகள் இருப்பதை நீயும் பார்த்து எழுதியிருக்கிறாய். அந்த மாத்திரைக்குள் மருந்தோடு ஒரு வகைப் பசைப்பொருள் கலந்திருக்கும். வயிற்றில் ஈரம் பட்டதும் அது உப்பிக் கூழ்போல் ஆகி, மருந்தைப் பல மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாக வெளியே விடும். மதகு வழியாக நாள் முழுவதும் பாய வேண்டிய ஏரித் தண்ணீர், கரை உடைந்தால் ஒரே மூச்சில் வெளியேறிவிடுவதைப் போன்றதுதான் அதை இடிப்பது. முழு அளவும் ஒரேயடியாகக் குடலில் இறங்கும். குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். பிற்பகலுக்கு மேல் போதிய மருந்து இருக்காது. அண்ணனுக்குச் சில வாரங்களாக வயிறு சரியில்லை என்று நீ எழுதியிருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

மெட்ஃபார்மினையாவது வயிற்றோடு போயிற்று என்று சொல்லலாம். நிஃபெடிபின் ரிடார்ட் என்று நீ எழுதியிருக்கும் இரத்த அழுத்த மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு காலத்தில், அழுத்தம் மிகவும் ஏறிவிட்டவர்களுக்கு நிஃபெடிபின் குளிகையை (கேப்சூலை) கடிக்கச் சொல்லியும் நாக்கின் அடியில் பிழிந்துவிட்டும் வேகமாக அழுத்தத்தைக் குறைப்பது வழக்கமாக இருந்தது. அப்படித் திடீரென்று அழுத்தம் சரிந்ததில் சிலருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் ஏற்பட்டதால் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. மெதுவாக வெளிவரும்படி செய்த அதே மருந்தை வீட்டில் பொடித்துக் கொடுத்தால், கைவிடப்பட்ட அந்தப் பழைய வழக்கத்துக்கே நாம் திரும்புகிறோம். மாத்திரை சாப்பிட்ட சற்று நேரத்தில் அவருக்குத் தலை சுற்றுகிறதா, எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறதா என்று கேட்டுப் பார்.

நெஞ்செரிச்சலுக்கான பான்டோபிரசோல் இன்னொரு வகை. அதன் மேல் பூசியிருப்பது இரைப்பையின் அமிலத்தில் கரையாமல் சிறுகுடலுக்குப் போன பிறகே கரையும் பூச்சு. அமிலம் பட்டால் அந்த மருந்து சிதைந்துபோகும். ஆகவே இடித்துக் கொடுத்தால் தீங்கைவிட வீண்தான் அதிகம். மாத்திரை கொடுத்தும் நெஞ்செரிச்சல் குறையவில்லை என்று எண்ணி, மருத்துவர் மேலும் ஒரு மருந்தை எழுத நேரும். 75 மில்லிகிராம் ஆஸ்பிரினில் பூச்சின் நோக்கம் நேர்மாறானது: அங்கே வயிற்றிடமிருந்து மருந்தைக் காப்பதற்காக அல்ல, மருந்திடமிருந்து வயிற்றைக் காப்பதற்காகவே பூசுகிறார்கள். ஆனால் மாரடைப்பு என்று சந்தேகிக்கும் நேரத்தில் இதே ஆஸ்பிரினை அதிக அளவில், மென்று விழுங்கும்படி மருத்துவர்களே சொல்வார்கள், ஏனென்றால் அப்போது வேகம்தான் தேவை. மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதும் மருந்தின் அளவைப் போல மருத்துவம்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பட்டியலின் கடைசியில், புராஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டரைடு இருப்பதைப் பார்த்ததும்தான் கடிதத்தை நாளைக்கு ஒத்திப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்த மாத்திரையின் பொடியோ துண்டோ கர்ப்பிணிகளின் கையில் படக்கூடாது. தோல் வழியாக உள்ளே போனால், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாயின் அதன் பிறப்புறுப்பின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. முழு மாத்திரையாக இருக்கும்வரை மேற்பூச்சு அந்தத் தொடர்பைத் தடுக்கிறது. உன் மகள் வந்திருக்கும் இந்த நேரத்தில், அதே உரலில் இஞ்சியும் ஏலக்காயும் இடித்துத் தேநீர் போடுவாய் அல்லவா? அந்த உரலை இன்றைக்கே சமையலறையிலிருந்து எடுத்துவிடு. இதுவரை என்ன ஆயிற்றோ என்று நீ கலங்க வேண்டாம். ஆனால் அடுத்த முறை மகப்பேறு மருத்துவரைப் பார்க்கும்போது இதைச் சொல்லிவிடு. மாத்திரையை அவள் தொட வேண்டாம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட்டும் இப்படித்தான், வீட்டில் பொடிக்கவே கூடாத ஒன்று.

எல்லா மாத்திரைகளும் இப்படியல்ல. மேற்பூச்சோ மெதுவாக வெளிவிடும் ஏற்பாடோ இல்லாத சாதாரணப் பாராசிட்டமால், சாதாரண மெட்ஃபார்மின், சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஆகியவற்றை இரண்டாக உடைத்து, ஒரே வேளையில் இரண்டு துண்டையும் விழுங்குவதில் பெரும்பாலும் கெடுதல் இல்லை, கசக்கும், அவ்வளவுதான். நடுவில் கோடு இருந்தால் உடைக்கலாம் என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. கிருமித்தொற்றுக்குத் தரும், அமாக்ஸிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த 625 மாத்திரையில் கோடு இருப்பது விழுங்க வசதியாக உடைப்பதற்காகத்தான், பாதியை இன்றும் பாதியை நாளையும் சாப்பிடுவதற்காக அல்ல. இரத்த அழுத்தத்துக்கான மெட்டோப்ரோலால் சக்ஸினேட்டின் மெதுவாக வெளிவரும் மாத்திரைகளில், கோடு போட்டவற்றைக் கோட்டின் வழியே பாதியாக்கலாம். ஆனால் மெல்லவோ இடிக்கவோ கூடாது. உடைக்க நேர்ந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டும் சிறு பெட்டியை வாங்கிக்கொள். கத்தியால் அழுத்தும்போது ஒரு பாதி பெரிதாகவும் மறு பாதி சிறிதாகவும் தெறித்துவிடும். தைராய்டுக்கான தைராக்சின், இதயத்துக்கான டிஜாக்ஸின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றில் அந்தச் சிறு வேறுபாடும் உடம்பில் தெரியும். வாரம் முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே உடைத்து வைக்காதே. இரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்ட்டன் போன்றவை காற்றின் ஈரத்திலேயே இளகிப்போகும். அவற்றைச் சாப்பிடும் வேளைவரை அட்டையிலேயே விட்டுவைக்க வேண்டும்.

அட்டை என்றதும் எனக்கு நெடுநாளாக இருக்கும் ஒரு மனக்குறையைச் சொல்ல வேண்டும். கடைகளில் ஐந்து மாத்திரை, ஆறு மாத்திரை என்று கத்தரித்துக் கொடுக்கிறார்கள். பெயர் ஒரு துண்டில் போகிறது, காலாவதித் தேதி இன்னொரு துண்டில் போகிறது, எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர்., ப்ரோலாங்டு ரிலீஸ் (இவையெல்லாம் மெதுவாக வெளிவிடுபவை), கேஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட் (இரைப்பையில் கரையாதது) என்று அச்சிட்டிருக்கும் எச்சரிக்கை யார் வீட்டுக்கோ போகிறது. வாங்குகிறவரின் கையில் மிஞ்சுவது வெள்ளி நிறத் தகடும் ஒரு மாத்திரையும் மட்டுமே. அதோடு, ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து டப்பாவில் போட்டுவைக்கும் வீடுகளில், கண்பார்வை குறைந்த பெரியவர்கள் தகட்டோடு சேர்த்தே விழுங்கிவிடுவதும் நடக்கிறது. அதன் கூரான முனை உணவுக்குழாயைக் கிழித்துவிடும். முழு அட்டையாகவே வாங்கு, கமலா. விலை கூடினாலும் பரவாயில்லை.

இனி விழுங்கும் முறை. அண்ணன் தண்ணீர் குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். செம்பு வாயில் படாமல், தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். நம் வீடுகளில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள், தண்ணீருக்கு அது நல்ல பழக்கமும்கூட. மாத்திரைக்கு மட்டும் அது ஆகாது. கழுத்து பின்னால் வளையும்போது விழுங்கும் தசைகள் இழுபட்டு நிற்கின்றன, மூச்சுக்குழல் மூடுவதும் கடினமாகிறது. ஊற்றிய தண்ணீர் ஓடிவிடும், மாத்திரை நாக்கின் பின்பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நிமிர்ந்து உட்காரச் சொல். முதலில் இரண்டு மடக்கு தண்ணீரால் வாயை நனைத்துக்கொள்ளட்டும். வயதாக ஆக உமிழ்நீர் குறைகிறது, சில மருந்துகளே அதை வற்றச் செய்கின்றன. பிறகு தம்ளரில் வாய் வைத்து, முகவாய் சற்றுத் தாழ்ந்தபடி விழுங்கட்டும்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் 151 பேரை வைத்து இரண்டு முறைகளைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். கெட்டி மாத்திரைக்கு, அதை நாக்கில் வைத்து, கசங்கக்கூடிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியின் வாயை உதடுகளால் இறுக்கமாகக் கவ்விக் காற்று புகாதபடி உறிஞ்சி விழுங்க வேண்டும். தண்ணீரில் மிதக்கும் குளிகைக்கு, ஒரு மடக்கு தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு தலையை மார்புப் பக்கம் குனிந்து விழுங்க வேண்டும். அப்போது குளிகை தொண்டைப் பக்கமாக நகர்ந்துவிடும். முதல் முறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 முறையும் இரண்டாவதில் ஏறத்தாழ 89 முறையும் விழுங்குவது எளிதாயிற்று. பக்கவாதம் வந்து விழுங்கும் தசைகள் தளர்ந்தவர்கள் இவற்றைத் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது. அண்ணனுக்கு அப்படியொன்றும் இல்லை என்பதால் சொல்கிறேன். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தின் ஒரு வாய்க்குள் மாத்திரையை முழுதாகப் புதைத்துக் கொடுப்பதும் பலருக்குப் பயன்படும்; கெட்டியான உணவோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இத்தனைக்கும் மாத்திரையின் அளவே ஒரு பிரச்சினைதான், அது நோயாளியின் பலவீனம் அல்ல. 8 மில்லிமீட்டருக்கு மேல் போனாலே விழுங்குவதில் குறைகள் எழுகின்றன என்பதைச் சுட்டி, 22 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-இல் ஜெனரிக் மருந்துக் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. மருந்து எழுதும்போது, இவ்வளவு பெரிய மாத்திரையை உங்களால் விழுங்க முடியுமா என்று கேட்கும் மருத்துவர் மிகக் குறைவு. கேட்காதபோது நாம்தான் சொல்ல வேண்டும். அண்ணனுக்குக் கூச்சமாக இருந்தால் நீ சொல். வழிகள் இருக்கின்றன. 1000 மில்லிகிராம் ஒன்றுக்குப் பதில் 500 மில்லிகிராம் இரண்டு எழுதலாம். எஸ்.ஆர். மாத்திரைக்குப் பதில், உடைக்கக்கூடிய சாதாரண மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு பிரித்துக் கொடுக்கலாம். நிஃபெடிபினுக்குப் பதில் மிகச் சிறிய மாத்திரையான ஆம்லோடிபினை மருத்துவர் யோசிக்கக்கூடும். அது இயல்பாகவே உடம்பில் நெடுநேரம் தங்கும் மருந்து என்பதால் தனி ஏற்பாடு தேவையில்லை. சில மருந்துகள் சிரப்பாகவும் தண்ணீரில் கரையும் மாத்திரையாகவும் கிடைக்கின்றன. இவற்றையெல்லாம் மருத்துவர்தான் மாற்ற வேண்டும், நீயோ நானோ அல்ல.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அவருக்கு மாத்திரை மட்டும்தான் சிக்குகிறதா, அல்லது இட்லியும் சோறும்கூட நெஞ்சில் நிற்பதுபோல் இருக்கிறதா? தண்ணீர் குடிக்கும்போது புரையேறி இருமுகிறாரா? எடை குறைந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அது மாத்திரைப் பிரச்சினை அல்ல. உணவுக்குழாயையும் தொண்டையையும் பார்க்கக்கூடிய மருத்துவரிடம் தாமதிக்காமல் அழைத்துப் போக வேண்டும்.

உன் பங்குக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை நீ சாப்பிடும் 70 மில்லிகிராம் அலென்ட்ரோனேட்டைக் கடிக்கவோ சப்பவோ கூடாது. காலை வெறும் வயிற்றில், ஒரு முழுத் தம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். காப்பி அதற்குப் பிறகுதான். தொண்டையில் ஒட்டினால் அது புண்ணாக்கிவிடும்.

நாளைக் காலையிலேயே மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, இதுவரை இடித்துக் கொடுத்ததைச் சொல்லி, அன்றைய மாத்திரைகளை எப்படிக் கொடுப்பது என்று கேட்டுக்கொள். அவராக எதையும் நிறுத்தச் சொல்லாமல் நீயாக நிறுத்திவிடாதே, திடீரென்று நிறுத்துவதும் ஆபத்துதான். எல்லா அட்டைகளின் பின்பக்கத்தையும், எழுத்துகள் தெரியும்படி வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எதை உடைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புகிறேன். மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை உன்னை அழைக்கிறேன். அண்ணனுக்கு என் வணக்கத்தையும் மகளுக்கு என் அன்பையும் சொல்.

என்றும் உன் அன்புள்ள,
சரோஜா