ஐந்து நூல் ஆழம்

கணபதி, கோவை
ஆடி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பழைய கிட்டாரைச் சரிசெய்வது பற்றி நீ கேட்டு எழுதிய கடிதமும் நாலு படங்களும் வந்து சேர்ந்தன. வாட்ஸப்பில் கேட்டிருந்தால் மூன்று வரியில் தப்பித்திருப்பேன். நீ நாலு பக்கம் எழுதிவிட்டாய், நானும் உட்காரவேண்டியதாகிவிட்டது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறைப் பக்கம் கூட்டம் அள்ளுமே, அது முடிந்த பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்.

பட்டறையில் வேலை குறைவுதான். பம்ப் கம்பெனிக்காரர்கள் பாதிப் பேர் பேட்டர்னை, அதாவது வார்ப்புக்கு அச்சு எடுக்கும் மாதிரியை, கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷினில் அலுமினியத்தில் வெட்டிக்கொள்கிறார்கள். உளி பிடிக்கிற ஆளைத் தேடி வருகிறவர்கள் பழைய வாடிக்கையாளர்கள் மட்டும். அதனால்தான் பொழுது சாய்ந்தால் கிட்டார் மரத்தைக் கையில் எடுக்க நேரம் கிடைக்கிறது. மனைவி இதை வேறு மாதிரி சொல்வாள்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். அட்டாலியில் கிடந்த நம் காலேஜ் கிட்டாரின் நெக்கை, அதுதான் கம்பி ஓடும் நீளக் கழுத்தை, படத்தில் பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இத்தனை கோடை கிடந்தால் எந்த மரம்தான் தாங்கும்? அது வெறுமனே வளைந்திருந்தால் உள்ளே இருக்கிற டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைக் கால் சுற்று திருகி நிமிர்த்திவிடலாம். இது முறுக்கிக்கொண்டிருக்கிறது. தடித்த கம்பிப் பக்கம் ஒரு மாதிரியும் மெல்லிய கம்பிப் பக்கம் வேறு மாதிரியும் நிற்கிறது. முறுக்கை டிரஸ் ராட் ஒன்றும் செய்யாது. புது நெக்தான்.

உன் பாப்பா பாடியும் (கிட்டாரின் உடம்பு) புதிதாகக் கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். மேலே புலிக்கோடு ஓடும் மேப்பிள் பலகை ஒட்டிய அந்தப் பாடியை நீயும் அவளும் பார்த்து மயங்கிவிட்டீர்கள் என்பது புரிகிறது. அதன் விலைக்கு ஒரு நல்ல நெக் வாங்கி, மிச்சத்தில் உனக்கு வேட்டி சட்டையும் எடுக்கலாம். கை படுவது நெக்கில். பாட்டு பாதியில் நின்றுபோவதும் நெக்கால்தான். ராக் கிட்டார்க்காரர் எடி வான் ஹேலன் தன் கோடு போட்ட கிட்டாரைச் சேர்த்துக் கட்டியபோது, கழித்துப்போட்ட பாடியை 50 டாலருக்கும் நெக்கை 80 டாலருக்கும் வாங்கினார். அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும்.

நெக்கில் என்ன பார்ப்பது? முதலில் பின்பக்கத்தின் பருமன். இதை எழுதிப் புரியவைக்க முடியாது, பாப்பாவை ரெண்டு மூன்று கிட்டாரைப் பிடித்துப் பார்க்கச் சொல். அப்புறம் விரல் பலகையின் முதுகு வளைவு. ஃபெண்டர் கம்பெனியின் பழைய நெக்குகளில் அது 7.25 அங்குல வட்டத்தின் வளைவு, இப்போது பெரும்பாலும் 9.5. இன்னொரு கம்பெனியான கிப்சன்காரர்கள் 12. எண் சிறியதானால் வளைவு அதிகம். 7.25-இல் கார்டு பிடிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் கம்பியைத் தாழ வைத்துக்கொண்டு மேல் ஃப்ரெட்டில் (பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கீற்றில்) இழுத்தால் சுருதி பாதியிலேயே செத்துவிடும். அவள் இழுத்து வாசிக்கிற ஆள் என்றால் 9.5-க்குக் கீழே போகாதே.

விரல் எட்டவில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்கும் வழி இருக்கிறது. ஒலிக்கிற கம்பியின் நீளம் ஃபெண்டரில் 648 எம்எம், கிப்சனில் 628. ஃபெண்டர் பாடியிலேயே உட்கார்ந்து 628 நீளத்தில் ஒலிக்கிற மாதிரி செய்த மாற்று நெக் கிடைக்கிறது, அமெரிக்காவில் வார்மோத் கம்பெனி செய்கிறது. கம்பியைப் பாடியில் தாங்கும் பிரிட்ஜை நகர்த்த வேண்டியதில்லை. 20 எம்எம் குறைந்தால் ஃப்ரெட் நெருங்கும், அதே கம்பி கொஞ்சம் தளர்ந்து கைக்குச் சுளுவாக இருக்கும்.

விரல் பலகை ஈட்டி மரமா மேப்பிளா என்று கேட்டாய். ஈட்டிக்கு மேலே வார்னிஷ் வேண்டாம், கைவேர்வை பட்டாலும் அசிங்கமாகாது. மேப்பிள் பலகைக்கு மேல்பூச்சு கட்டாயம். நம் மேற்குமலைக் காட்டு ஈட்டிதான் ‘இந்தியன் ரோஸ்வுட்’ என்ற பெயரில் உலகமெல்லாம் கிட்டாருக்குப் போகிறது. அது அங்கே மேப்பிளில் ஒட்டிக்கொண்டு, சுங்க வரியும் கட்டிக்கொண்டு பவானிக்குத் திரும்பி வரப்போகிறது, பார். 2017-இல் அந்த இன மரம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தபோது கிட்டார் கம்பெனிகள் திணறிப்போயின. 2019 கடைசியில்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது.

இப்போது பாடி. அதில் உயிர்நிலை ஒன்றுதான், நெக் உட்காரும் குழி. ஃபெண்டர் அளவில் அகலம் 56 எம்எம், ஆழம் அஞ்சு நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்), அதாவது 16 எம்எம்மிற்குக் கொஞ்சம் குறைவு. ஃபெண்டர் மாடல்களில் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) நெக்கின் அடி வட்டமாக இருக்கும், டெலியின் (டெலிகாஸ்டர்) அடி சதுரம். டெலி நெக்கை ஸ்ட்ராட் குழியில் வைத்தால் மூலை இடிக்கும். ஸ்ட்ராட்டை டெலியில் வைத்தால் மூலையில் சந்து தெரியும். நம் காலத்து நகல் கிட்டார்களின் குழியோ அவரவர் இஷ்டத்துக்கு இருக்கும். அதனால் பழைய பாடியை வைத்துக்கொள்வதானாலும் அளந்த பிறகுதான் நெக்குக்குப் பணம் கட்டு.

அளப்பது பற்றி என் கூத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. போன வருசம் எனக்கென்று ஒரு பாடி செய்தேன். பேட்டர்னுக்கு வைத்திருந்த மகாகனிப் பலகை, ஒன்றே முக்கால் அங்குலக் கனம். குழியை அளந்தேன், கோடு போட்டேன், ரௌட்டர் ஓட்டினேன். நெக்கை வைத்தால் ‘தொபுக்’ என்று உள்ளே விழுகிறது. பிடித்து ஆட்டினால் ஆடுகிறது, மெல்லிய கம்பி விளிம்புக்கே ஓடிவிடுகிறது. முப்பது வருச அனுபவக்காரனுக்கு ஒரு குழி வெட்டத் தெரியவில்லையா என்று எனக்கே எரிச்சல். அடுத்த நாள் காலையில்தான் மேஜைமேல் கிடந்த ஸ்கேலைக் கவனித்தேன். அது ஷ்ரிங்கேஜ் ஸ்கேல். வார்ப்பிரும்பு உறையும்போது மீட்டருக்குச் சுமார் 10 எம்எம் சுருங்கும், அதற்காக எங்கள் ஸ்கேலில் ஒவ்வொரு அளவும் நூற்றுக்கு ஒன்று எச்சாகவே இருக்கும். கைப்பழக்கத்தில் அதை எடுத்துவிட்டேன். என் 56, 56 அரை ஆகிவிட்டது. கிட்டாரை யாரும் உருக்கி ஊற்றப்போவதில்லையே! ஒரு பக்கச் சுவரில் அரை எம்எம் வெனீர் ஒட்டி இறுக்கினேன். இன்றுவரை அசையவில்லை. ஆனால் என் பையன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

உங்கள் தோட்டத்து மலைவேம்பில் பாடி செய்யலாமா என்ற ரோசனை நல்லதுதான். எடை குறைவாக வரும். ஆனால் பச்சை மரத்தைத் தொடாதே. பலகையாக அறுத்து நிழலில் அடுக்கி ஒரு வருசமாவது போகட்டும். மெத்து மரம் என்பதால் பிரிட்ஜ் ஸ்க்ரூ பிடிக்குமா என்று ஒரு துண்டில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பிக்கப், வயரிங் எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

நெக் வந்ததும் உடனே பூட்டாதே. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு அடிக்கிற மாசம் இது. ரெண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே கிடக்கட்டும். பங்குனி வெயிலில் மரம் காய்ந்து சுருங்கினால் ஃப்ரெட் நுனிகள் வெளியே துருத்திக் கையைக் கீறும், பயப்படாதே, அரம் போட்டுச் சரிசெய்துவிடலாம்.

துளை போடுவதற்கு முன்னால் நெக்கைக் குழியில் வைத்து, தலைப்பக்கத்தில் கம்பி உட்காரும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை ரெண்டு ஓரத்துக் கம்பிக்கும் நூல் கட்டிப் பார். ரெண்டு பக்கமும் விளிம்பிலிருந்து ஒரே இடைவெளி இருக்கவேண்டும். ஜமுக்காளம் நெய்கிற வீட்டில் நூலுக்கா பஞ்சம்? அப்புறம் நெக்கில் 3 எம்எம் துளை போட்டு, ஸ்க்ரூவில் மெழுகு தடவி ஏற்று. மேப்பிள் கல் மாதிரி, துளையில்லாமல் திருகினால் ஸ்க்ரூ தலை கையோடு வந்துவிடும். பாடியில் இருக்கும் துளையோ ஸ்க்ரூ தாராளமாக நுழைகிற அளவு இருக்கவேண்டும். மரை பாடியையும் பிடித்துக்கொண்டால், எவ்வளவு இறுக்கினாலும் ரெண்டுக்கும் நடுவில் சந்து நிற்கும். இதற்கெல்லாம் நீ பயந்தால் பஸ் ஏறி இங்கே வந்துவிடு. பாப்பாவையும் கூட்டி வா, பழமை பேசி நாளாயிற்று.

முதலில் பழைய பாடியின் குழி அகலம், நீளம், ஆழம், நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை உள்ள தூரம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. தூரம் 324 வந்தால் அது 648 கிட்டார்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை

பி.கு.: அளக்கிற ஸ்கேல் சாதாரண ஸ்கேல்தானா என்று பார்த்துக்கொள். போன தடவை என் பட்டறையிலிருந்து ஒன்றை நீ எடுத்துப் போனதாக ஞாபகம்.