காயத்ரியின் கல்யாணத்துக்கு முன்

அன்புள்ள மாலதி,

உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே பிள்ளைகள் நலம்.

மூன்று வாரமாக நான் பள்ளிக்குப் போகவில்லை. அமெரிக்காவில் நான் வேலை பார்க்க அனுமதி தரும் ஈஏடி கார்டு முடிந்துவிட்டது. புதியது இன்னும் வரவில்லை. முன்பெல்லாம் கெடு முடியுமுன் விண்ணப்பித்திருந்தாலே பழைய அனுமதி 540 நாள் வரை தானாக நீளும். 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு அது கிடையாது. நான் போட்டது நவம்பரில். என் வேதியியல் வகுப்பை இப்போது வேறொருவர் நடத்துகிறார்.

ஆனால் பேனாவை எடுத்தது காயத்ரிக்காக. அமெரிக்க மாப்பிள்ளையின் சம்பளம், வீடு, குணம் எல்லாவற்றையும் விசாரித்திருக்கிறாய். ஊட்டிப் பயணத்தில் பஸ் டிக்கெட்டுகளை இரண்டு முறை எண்ணியவள் ஆயிற்றே! ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். அவருடைய கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனு ஒப்புதலாகிவிட்டதா?

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைப்பது எச்-4 விசா. அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. 2015 மே 26 முதல்தான் ஒரு வழி திறந்தது: கணவருக்காகப் போட்ட அந்த ஐ-140 மனு ஒப்புதலாகியிருக்க வேண்டும், அல்லது அந்தக் கிரீன் கார்டு முயற்சியை வைத்து அவருடைய எச்-1பி ஆறு வருடத்துக்கு மேல் நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகே மனைவி ஈஏடி கார்டு கேட்டு ஐ-765 படிவம் போடலாம். இதையும் ஒழிக்க வழக்குப் போட்டார்கள். 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்ததால் பிழைத்தது. எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணின் கணவர் எல்-1 விசாவில், அதாவது கம்பெனியே இங்கே மாற்றி அனுப்பி, வந்தவர். அவளுக்கு எல்-2 விசா. 2021 நவம்பரிலிருந்து அப்படிப்பட்ட மனைவிகளுக்கு வேலை பார்க்க இந்தக் கார்டே தேவையில்லை. இரண்டு கணவர்களும் பார்ப்பது ஏறக்குறைய ஒரே வேலை, மாலதி. இதில் என்ன நியாயம்?

எனக்கு அந்த வழி திறக்க நான்கு வருடமாயிற்று. அப்பாவின் ஆபரேஷனுக்குப் பணம் அனுப்ப என் கணவரிடம் கேட்டு நின்றேன். அவர் முகம் சுளிக்காமல் கொடுத்தார். ஆனாலும் கேட்க வேண்டியிருந்ததே, அதை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காயத்ரி கல்லூரியில் ராஜினாமாக் கடிதம் கொடுக்குமுன் அந்த ஒப்புதல் அறிவிப்பின் நகலைத் தன் கண்ணால் பார்க்கட்டும். ஒப்புதல் வரவில்லையென்றால் நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று கேட்கச் சொல். பிள்ளை வீட்டாரிடம் பேச உனக்குத் தயக்கமாக இருந்தால் என் நம்பரை அவளிடம் கொடு. இப்போது பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறேன்.

அன்புடன்,
சுமதி