பக்கவாத்தியத்துக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையத்தால் இசைக் கலைஞர்களுக்குப் பிறந்திருக்கும் புதிய வாய்ப்புகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாடகர்களைப் பொறுத்தவரை அது சரிதான். பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மிருதங்கம் வாசித்துப் பிழைப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சன்மானம் ஒரே ஒருமுறைதான். கச்சேரி முடிந்ததும் உறையில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதே கச்சேரி யூடியூபில் ஏறினால் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. நீளமான காணொளிகளில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் சேனல் நடத்துபவருக்குப் போகிறது. அந்தச் சேனல் கச்சேரியை நடத்தும் சபாவுடையதாகவோ பாடகருடையதாகவோ இருக்கும். சில சமயம் கேமரா வைத்தவருடையது. வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் அதிலிருந்து எதுவும் வருவதில்லை.

சென்ற ஆண்டு நான் வாசித்த ஒரு கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தை, அதாவது பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதியை, வெட்டி யாரோ ஏற்றியிருந்தார்கள். பாடகரின் பெயர் பெரிதாக இருந்தது. வாசித்த எங்கள் இருவர் பெயரும் எங்கேயும் இல்லை! பணத்தைவிட இதுதான் எனக்கு அதிக வருத்தம். பெயர் தெரிந்தால்தானே இன்னொரு சபா அழைக்கும், வெளிநாட்டு மாணவர் இணையத்தில் பாடம் கேட்டு எழுதுவார்?

நீங்களே சேனல் தொடங்கலாமே என்பார்கள். நீளமான காணொளிகள் வழியே யூடியூபில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர வேண்டும். பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஆண்டுக்கு 1,000 முறையாவது கேட்கப்படாத பதிவுக்குக் காசே கிடையாது. மிருதங்கத்தை மட்டும் தனியே கேட்கும் கூட்டம் பெரிதன்று. எங்கள் வாசிப்பு பாட்டோடு சேர்ந்துதான் மக்களிடம் போகிறது. அந்தப் பதிவில்தான் எங்கள் பங்கும் இருக்க வேண்டும்.

நான் கேட்பது சட்டத்திலேயே இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 38ஏ பிரிவு, வணிகப் பயன்பாட்டுக்குப் போகும் நிகழ்ச்சிக்குக் கலைஞருக்கு ராயல்டி (உரிமைத்தொகை) உண்டு என்கிறது. தன் வாசிப்பைத் தன்னுடையது என்று அடையாளம் காட்டச் சொல்லும் உரிமையை 38பி தருகிறது. கலைஞர் யார் என்ற விளக்கத்தில் பாம்பாட்டியைக்கூடப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கும் சட்டம் இது. ஆனால் சபாக்காரர்கள் எங்களிடம் எதையும் எழுதி வாங்குவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த ஆண்டு கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். சொல்லிக்கொள்ளும்படி சன்மானம் இல்லாத மதியக் கச்சேரிகளில் வாசிக்கும் இளையவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் அதிகம்.

கோயில் திருவிழாக் கச்சேரியை வருமானம் கருதாமல் ஊர்க்காரர் ஒருவர் ஆசையாக ஏற்றினால் எனக்கு மகிழ்ச்சிதான். வருமானம் வரும் இடத்தில், கேமரா வைப்பதற்கு முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் வேண்டும்: யார் ஏற்றுகிறார், யாருக்கு எவ்வளவு, எல்லார் பெயரும் எங்கே வரும் என்று.

மார்கழிக் கச்சேரிகளுக்கான நிகழ்ச்சி நிரல் இப்போதுதான் தயாராகிறது. சபாச் செயலாளர்களிடம் இதைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை உங்கள் இதழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

மிருதங்கக் கலைஞர் ஒருவர்,
கும்பகோணம்