தாடி நரைக்காத மந்திரவாதிகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை. காலையில் நடக்கத் தொடங்கிவிட்டார்.

போனில் நீ சொன்ன ஒரு செய்தி மனத்தை விட்டு அகலவில்லை. உன் கையிலிருந்த நாவலைப் பார்த்து, "இந்த வயதிலும் சின்னப் பிள்ளைகள் கதையா?" என்று உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் கேட்டதாகவும், ஆகையால் இனி இளையோருக்கான ஃபேண்டஸி நாவல்களை நிறுத்திக்கொள்ள எண்ணுவதாகவும், இங்கே அலமாரியில் இருப்பவற்றைக் கீழ்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிடும்படியும் சொன்னாய். கொடுப்பதில் எனக்குத் தடை ஏதுமில்லை. அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், அவளுக்கு இது ஏற்ற வயது. நீ படிப்பதை நிறுத்துவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நீ வேலைக்குப் போன நாள் முதல் அந்த அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நானும் படித்து வருகிறேன் என்பது உனக்குத் தெரியும். போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும் என்பதால் என் எண்ணத்தை எழுதுகிறேன்.

அவற்றைச் சின்னப் பிள்ளைகள் கதை என்று சொல்பவர்கள் அவற்றைப் படித்ததில்லை என்றே நான் கருதுகிறேன். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின், தீவுகளால் ஆன ஒரு கற்பனை உலகில் நடக்கும் எர்த்ஸீ வரிசையின் முதல் நாவலை 1968-இல் வெளியிட்டார். பதின்வயதினருக்காக ஒரு நாவல் எழுதித் தரும்படி பதிப்பாளர் கேட்டபோது தம் மனத்தில் எழுந்த கேள்வியை அவர் பிற்பாடு ஒரு கட்டுரையில் நினைவுகூர்ந்திருக்கிறார். கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லோரும் நரைத்த தாடியுடனேயே இருக்கிறார்களே, அந்தத் தாடி நரைப்பதற்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள், அந்த ஆபத்தான வித்தையை எங்கே கற்றார்கள் என்பதே அக்கேள்வி. அதற்கு விடையாக வந்தவன்தான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கெட். மந்திரம் கற்கும் பள்ளியில் சக மாணவனை விஞ்சிக் காட்ட வேண்டும் என்ற செருக்கில் அவன் இறந்தவர் ஆவியை அழைக்கிறான்; திறந்துகொண்ட வழியே ஒரு நிழல் உள்ளே பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது; அந்த வழியை அடைக்கும் முயற்சியில் தலைமை ஆசான் உயிரையே விடுகிறார். அதற்குப் பிறகு அவன் எந்தக் கொடுங்கோலனையும் வீழ்த்துவதில்லை, எந்தப் படையையும் நடத்துவதில்லை. தான் அவிழ்த்துவிட்ட ஒன்றுக்கு அஞ்சித் தீவு தீவாக ஓடி, பின்பு திரும்பி நின்று, அதையே தேடிக் கடலில் போகிறான். குருவால் அறிவுரை சொல்ல முடிகிறது, நண்பனால் படகில் துணைக்கு வர முடிகிறது. அந்த நிழலை எதிர்கொள்வது அவன் ஒருவனால் மட்டுமே முடியும். சிறுவர் கதையில் கடைசி நேரத்தில் பெரியவர் ஒருவர் வந்து காப்பாற்றிவிடுவார். பதின்வயதினருக்கான கதையில் அப்படி யாரும் வருவதில்லை. நாம் செய்ததற்கு நாமே பொறுப்பு என்பதை ஒருவன் முதன்முதலாக உணரும் நேரம்தான் இந்த நாவல்களின் களம். அந்த நேரம் பதினாறு வயதில் ஒருமுறை வந்து முடிந்துவிடுகிறதா என்ன? கல்யாணத்தின்போதும், பிள்ளை பிறக்கும்போதும், பெற்றவர்களுக்கு முடிவெடுக்க வேண்டிய நாளிலும் அது புதிதாகவே வருகிறது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவனுடைய நண்பன் இன்னும் கறுப்பு. ஆயினும் பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெள்ளையனாகவே வரைந்திருந்தார்கள். லெ குவினுக்கு அதில் நெடுங்காலம் மனக்குறை இருந்தது. பத்தாம் வகுப்பில் அந்த அட்டையை என்னிடம் காட்டி, உள்ளே எழுதியிருப்பது ஒன்றும் வெளியே வரைந்திருப்பது ஒன்றுமாக இருக்கிறதே என்று நீ கோபப்பட்டாய். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் நாவலை நான் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறேன். இறந்துபோன தலைமைப் பூசாரிணியின் மறுபிறவி என்று கூறி, ஐந்து வயதுப் பெண்ணைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, அவள் பெயரையும் பறித்து, பாலைநிலத்துக் கோயில் ஒன்றில் வளர்க்கிறார்கள். நிலத்துக்கு அடியில் இருக்கும் குகையும் சுற்றுவழிகளும் அவளுடைய ஆட்சிக்கு உட்பட்டவை. குகையில் மட்டும் விளக்கு ஏற்றவே கூடாது. ஆகவே அவள் சுவரை விரலால் தடவியும் திருப்பங்களை எண்ணியும் இருட்டிலேயே வழியைப் பாடமாக்கிக்கொள்கிறாள். ஒருநாள் அங்கே வெளிச்சம் தெரிகிறது. திருட வந்த கெட்டின் கோலிலிருந்து வரும் ஒளி அது. இத்தனை காலம் கைகளால் மட்டும் அறிந்திருந்த இடத்தின் கூரை முழுதும் படிகக் கற்கள் மின்னுவதை அவள் அப்போதுதான் பார்க்கிறாள். தான் ஆண்டுகொண்டிருந்த இடம் இவ்வளவு அழகானது என்பதை அவளிடமிருந்தே மறைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பிற்பாடு அவள் கெட்டுடன் தப்பி வெளியே வருகிறாள். வந்த பின் துள்ளிக் குதிக்கவில்லை, வீணாய்ப் போன ஆண்டுகளை நினைத்து அழுகிறாள். விடுதலையின் பாரத்தை இத்தனை நேர்மையாகச் சொன்ன பெரியவர்கள் நாவல் எத்தனை இருக்கிறது?

நம் மதுரைக்காரர்களுக்கு இத்தகைய கதை அந்நியமானதும் அன்று. ஆண்பிள்ளை வேண்டிப் பாண்டியன் செய்த வேள்வியின் தீயிலிருந்து மூன்று வயதுப் பெண்ணாக, மூன்று தனங்களோடு தடாதகை, அதாவது நம் மீனாட்சி, தோன்றினாள். மைந்தனைப் போல் வளர்த்து முடிசூட்டு, உரியவனைக் காணும்போது ஒரு தனம் மறையும் என்று அசரீரி சொன்னது. அவள் வாள் எடுத்து எட்டுத் திக்கையும் வென்று கயிலை வரை போனாள். பரஞ்சோதி முனிவர் பாடிய இந்தத் திருவிளையாடலைச் சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் பட்டாபிஷேகமாகவும், ஒன்பதாம் நாள் திக்விஜயமாகவும், பத்தாம் நாள் திருக்கல்யாணமாகவும் ஊரே ஆண்டுதோறும் காண்கிறது. மாசி வீதியில் அம்மன் போர் புரிவதைக் காண நிற்கும் கூட்டத்தில் எண்பது வயதுப் பாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வயது கேட்பதில்லை. சிவனைக் கண்டதும் அவள் ஏன் நாணித் தலைகுனிய வேண்டும், போரை முடித்திருக்கலாமே என்று சிறுமியாக நீ கேட்டாய். எனக்கு அந்த நாணம் தோல்வியாகத் தோன்றியதில்லை. ஆனால் கதையோடு அப்படி வாதாடுகிற பழக்கத்தை நீ எங்கே கற்றாய் என்பதை நான் அறிவேன்.

எங்கள் காலத்தில் இந்த வயதுக்கென்று தனியாக எதுவும் கிடைத்ததில்லை. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில் வேதாளம் கேட்ட கேள்விகளுக்கு விக்கிரமாதித்தனுக்கு முன்பே விடை சொல்லப் பழகினோம்; அதை விட்டதும் வார இதழ்த் தொடர்கதைகளுக்குத் தாவினோம். நடுவில் இருந்த நான்கைந்து ஆண்டுகளுக்கு யாரும் எழுதவில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் இளையோர் சேவைக்கென்று 1957-லேயே தனிப் பிரிவு அமைத்துவிட்டது. நம் ஊரில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. அங்கே போகும்போதெல்லாம், குழந்தைகள் பகுதிக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் நடுவில் நிற்கிற பதினான்கு வயதுப் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன். தமிழில் அவர்களுக்கு நாவல்கள் வர வேண்டும். அவற்றை எழுதக்கூடியவர்கள் உன்னைப் போல் அந்த வயதைத் தாண்டியும் இவற்றைப் படித்துக்கொண்டிருப்பவர்கள்தான். நிறுத்திவிட்டவர்களால் எழுத முடியாது.

இனி நம் பழைய வழக்கு. எர்த்ஸீயின் நான்காம் நாவல் உனக்குப் பிடிக்கவில்லை. மந்திரமே இல்லாத மந்திரக் கதை என்றாய். மூன்றாம் நாவல் 1972-இல் வந்தது, இது 1990-இல் வந்தது. குகையிலிருந்து வெளியேறிய பெண் இப்போது பிள்ளைகளை வளர்த்து முடித்த விதவை. உலகைக் காத்ததில் தன் வல்லமை முழுவதையும் செலவழித்துவிட்ட கெட், வெட்கம் தாளாமல் மலைமேல் ஆடு மேய்க்கப் போய்விடுகிறான். முகத்தில் ஒரு பாதி நெருப்பில் வெந்துபோன ஒரு குழந்தையை அந்தப் பெண் எடுத்து வளர்க்கிறாள். ஊரார் அதைக் கண்டு ஒதுங்குகிறார்கள். நீ அதைப் படித்தபோது உனக்குப் பதினைந்து வயது, வல்லமை கைக்கு வருவதைப் படிக்கவே விரும்பினாய், அது இயல்பு. வல்லமை போன பிறகு ஒருவன் யாராக இருக்கிறான் என்று அந்த நாவல் கேட்கிறது. முதல் மூன்றும் கேட்ட கேள்வியின் தொடர்ச்சியே அது என்பது என் துணிபு. ஒரு வாசகர் அந்த வரிசையோடு சேர்ந்து வளர வேண்டும் என்பதற்காகவே லெ குவின் அதே கடல்களுக்குத் திரும்பி வந்திருப்பார் என்று தோன்றுகிறது.

ஆகையால் முதல் மூன்றையும் கீழ்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கிறேன். நான்காவதை உனக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அலுவலகத்துக்கே எடுத்துச் சென்று படி. படித்த பிறகும் உன் கருத்து அதுவே என்றால், எந்த அத்தியாயத்தில் உனக்கு அலுத்தது என்று குறிப்பிட்டுக் காரணத்தோடு எழுது. நானும் அந்த அத்தியாயத்தை எடுத்துப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா