சுழிப் பிழையைச் சரிபார்த்த கதையையும் அச்சிடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆதிப் பிரபஞ்சத்தின் ஒளி, அதன் அதிர்வுத் தளம் சற்றுச் சுழன்று 'திரும்பி' வந்திருக்கிறது, ஆக்ஸியான் என்ற துகள் சிக்கிவிட்டது என்று நம் நாளிதழில் செய்தி வந்திருந்தது. எவ்வளவு திரும்பியது, எப்படி அளந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. விஷயத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

நான் சர்க்கரை ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். தெளியவைத்த கரும்புச் சாற்றை 200 மில்லிமீட்டர் குழாயில் ஊற்றி, போலாரிமீட்டரில் ஒளியின் அதிர்வுத் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துத்தான் சர்க்கரை அளவைச் சொல்வோம். கருவியே சற்றுத் திரும்பியிருந்தால் கணக்கு தப்பிவிடும்; இதைத்தான் சுழிப் பிழை (zero error) என்போம். அதனால், திருப்பம் முன்பே தெரிந்த குவார்ட்ஸ் தகட்டை வைத்துச் சரிபார்க்காமல் ரீடிங் எழுதமாட்டோம்.

அந்த ஆதி ஒளியை அளந்த ஐரோப்பாவின் பிளாங்க் செயற்கைக்கோளுக்கும் இதே சிக்கல்தான். பெருவெடிப்பு நடந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில் புறப்பட்ட ஒளி, ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் கடந்து நுண்ணலையாக வந்து சேர்கிறது. வழியெங்கும் ஆக்ஸியான் போன்ற புலம் பரவியிருந்தால் அந்த ஒளியின் தளம் மெல்லத் திரும்பும். உணர்கருவி கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தாலும் அப்படியேதான் தெரியும். குவார்ட்ஸ் தகட்டுக்கு அங்கே எங்கே போவது? யூட்டோ மினாமி, எய்ச்சிரோ கொமட்சு என்ற இரண்டு இயற்பியலாளர்கள் நம் பால்வீதித் தூசியைப் பிடித்தார்கள். 2014-ல் ஆதி ஈர்ப்பு அலைகளின் தடயத்தைக் கண்டதாக அறிவித்த பைசெப்2 ஆய்வுக் குழுவை ஏமாற்றிய அதே தூசி! அதன் ஒளி அருகிலிருந்தே வருகிறது. வழியில் திரும்ப இடமில்லை. ஆகவே அதில் தெரியும் திருப்பம் கருவியுடையது. அதைக் கழித்ததும் மிஞ்சியது 0.35 டிகிரி, பிழை வரம்பு 0.14. இது 2020-ல். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

2022-ல் நாசாவின் டபிள்யூமேப் செயற்கைக்கோள் தரவையும் சேர்த்துப் பார்த்ததில் நம்பகம் 3.6 சிக்மாவுக்கு உயர்ந்தது. சிக்மா கூடக் கூட, முடிவு வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும். கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 சிக்மா வேண்டும். சிலியின் அட்டகாமா தொலைநோக்கி 2025-ல் தந்த கோணமோ சுமார் 0.2 டிகிரிதான். தூசியின் ஒளியிலேயே இயல்பாக ஒரு சாய்வு இருக்குமோ என்ற சந்தேகமும் தீரவில்லை. ஆக, ஆக்ஸியான் இன்னும் கருதுகோள்தான். 'சிக்கிவிட்டது' என்பது தவறு.

பிளஸ் டூ பிள்ளைகள் ஒளியின் தளவிளைவை, அதாவது ஒளி ஒரே தளத்தில் அதிர்வதை, பாடமாகவே படிக்கிறார்கள். அடுத்த முறை கோணம், பிழை வரம்பு, கருவியைச் சரிபார்த்த விதம் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். அரைப் பத்தி போதும், அவர்களுக்கு நன்றாகவே புரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்க்கரை ஆலை வேதியியலர்,
விழுப்புரம் மாவட்டம்.